விருந்தாளியாகப் போன மருத்துவமாது

மருத்துவமாது வேலையில் பிள்ளையைப் பார்க்கிற நேரம் கொஞ்சம். பார்த்தேன் என்று எழுதுகிற நேரம்தான் கூட. அரசாங்கச் சம்பளத்தில் சீவிக்கிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் கந்தோரிலும் வேலை ஒன்று, அதைப் பதிகிற கொப்பி ஐந்தாகத்தான் இருக்கும். நான் கல்முனைப் பக்கத்துக் கரையோர ஊரொன்றில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவள். சுனாமி வந்ததிலிருந்து யுத்தம் முடிந்த பிறகு வரைக்குமான சில சங்கதிகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அட்டை எங்கே?

கடல் வந்து போன மூன்றாம் நாள், பள்ளிக்கூடமொன்றில் அமைத்திருந்த முகாமுக்குப் போனேன். எங்கள் கிளினிக் கட்டடம் அத்திவாரத்தோடு போய்விட்டது. பதிவேடுகளும் போய்விட்டன. சேற்றுக்குள் கிடைத்த ஒரே சாமான், பிள்ளைகளை நிறுக்கிற தொங்கு தராசு. அதைக் கழுவி, திடலில் நின்ற வலைப்பந்துக் கம்பத்தில் கட்டினேன். அந்த நேரத்தில் யாரையும் நிறுக்க வேண்டிய அவசரம் இல்லைதான். ஆனால் எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் நிறுத்து வளர்த்த பிள்ளைகளில் எத்தனை பேர் மிச்சம் என்று பார்க்கவே பயமாக இருந்தது.

தாய்மார் ஒருவர் பின் ஒருவராக வந்து வரிசையில் நின்றார்கள். முதலாவதாக நின்றவள் புஷ்பராணி, மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண். பிள்ளையின் நிறை பதிகிற அட்டையைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கதோஷத்தில் கையை நீட்டி, "அட்டையைத் தாங்க" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் வெட்கமாகப் போனது. அவள் கோபிக்கவில்லை. நீட்டின என் கையில் பிள்ளையை வைத்தாள்.

"அட்டை கடலோட போயிற்று மிஸ். புள்ள நிக்குது. புள்ளயப் பாத்து எழுதுங்க."

மூன்று பிரிவுக்கு ஓர் ஆள்

வீடிழந்தவர்களுக்குப் பிறகு சம்மாந்துறைக்குப் போகிற பக்கம், வயலோரமாக ஒரு வீட்டுத்திட்டம் கட்டிக் கொடுத்தார்கள். தமிழர்களும் முஸ்லிம்களும் அங்கே குடிபோனார்கள். நடுவில் ஒரு சின்ன அறை கிளினிக்காக இருந்தது. யுத்தமும் முடிந்தது. துவக்குக்குப் போன காசெல்லாம் இனி ஆசுபத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வரும் என்று நாங்கள் நம்பினோம். வந்தது ஒரு சுற்றறிக்கை. செலவைக் குறைக்க வேண்டுமாம். ஓய்வு பெறுகிறவர்களின் இடத்துக்குப் புதிதாக ஆள் எடுக்கக் கூடாதாம்.

வீட்டுத்திட்டத்தைப் பார்த்த மருத்துவமாது அந்த மாதமே ஓய்வு பெற்றாள். பக்கத்துப் பிரிவுக்காரி இடமாற்றம் எடுத்துக்கொண்டு பொத்துவிலுக்குப் போனாள். இரண்டு பிரிவும் 'பதில் கடமை' என்ற பெயரில் என் தலையில் விழுந்தன. என் வீட்டுக்காரர் சம்மாந்துறையில் வயல் செய்கிறவர், பொறுமைசாலி. மூன்று மாதம் தானே சோறு போட்டுச் சாப்பிட்டார். நாலாம் மாதம் ஒருநாள் பீங்கானைக் கழுவி வைத்துவிட்டு வந்து என் முன்னால் இருந்தார்.

"இஞ்ச புள்ள, மூணு பிரிவு பாக்காய், சரி. நாலாவதா இந்த ஊட்டையும் ஒரு பிரிவாப் போட்டுக்க."

மேசைக்கு வந்த பதிவேடுகள்

அடுத்த செய்தி, வீட்டுத்திட்டத்துக் கிளினிக்கையே மூடப்போகிறார்கள் என்பது. தாய்மார் டவுன் கிளினிக்குக்கு வரட்டுமாம். நிறைமாத வயிற்றோடு வயல் ரோட்டில் நடந்து, பஸ்ஸுக்குக் காத்து நிற்பது எப்படியென்று முடிவெடுத்தவர்கள் யாரும் நடந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் மருத்துவமாதுகள் சங்கக் கிளையின் செயலாளர் நளீமா. என்னை விட வயதில் இளையவள் என்பதால் ராத்தா, ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். ஆள் சின்னது, பேச்சு பெரியது. கூட்டம் போட்டாள். திங்கட்கிழமையிலிருந்து அவரவர் சொந்தப் பிரிவில் மட்டும் வேலை. வெற்றிடத்துக்கு ஆள் வரும்வரை, கிளினிக்கை மூடமாட்டோம் என்று எழுத்தில் தரும்வரை, பதில் கடமைப் பதிவேடுகளைத் தொடுவதில்லை. நானும் கை உயர்த்தினேன். உயர்த்தின பிறகுதான் யோசித்தேன். நான் திருப்பிக் கொடுக்கிற பதிவேட்டில், வீட்டுத்திட்டத்துக்குக் குடிபோயிருந்த புஷ்பராணி இருந்தாள், இரண்டாவது பிள்ளைக்கு நிறைமாதம்.

பதிவேடுகளைப் பணிமனைக்குக் கொண்டுபோய் எங்கள் சுகாதார அதிகாரியின் மேசையில் அடுக்கினோம். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு அவர் எப்படியோ, அவருக்கு மேலே இருப்பவர்கள் அப்படி. தன் கையில் ஒன்றும் இல்லை, எல்லாம் மேலிடத்து முடிவு என்றார். நளீமா அடுக்கை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

"அப்ப கொப்பியளையும் மேலிடத்துக்கே அனுப்புங்க சேர். அவங்க வந்து நிறுக்கட்டும்."

கறிவேப்பிலை

ஆறு நாள் தாக்குப்பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வெள்ளைச் சீருடை போடாமல், மருந்துப் பை எடுக்காமல், அபாயாவைப் போட்டுக்கொண்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுத்திட்டத்துக்குப் பஸ் ஏறினேன். நான் வேலைக்குப் போகவில்லை, விருந்துக்குப் போகிறேன் என்று வழி முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன்.

புஷ்பராணி வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே நளீமா இருக்கிறாள். எல்லை தாண்டி யாரும் போகக் கூடாது என்று முதல்நாள்தான் எனக்குப் போன் எடுத்துச் சொன்னவள். அவளும் அபாயாவில். மடியில் ஒரு துணிப்பை, பையின் வாயில் கறிவேப்பிலைக் கொத்து, அதற்குக் கீழே பிறஷர் பார்க்கிற கருவியின் குழாய் எட்டிப் பார்த்தது. யார் எதற்கு வந்தோம் என்று விசாரிக்க நேரம் இல்லை. புஷ்பராணியின் காலும் முகமும் வீங்கியிருந்தன. காலையிலிருந்து தலையிடியாம். பிறஷரைப் பார்த்ததும் நளீமா ஓட்டோ பிடிக்க ஓடினாள்.

அந்த இடைவெளியில் நான் ஒரு காரியம் செய்தேன். கர்ப்பிணி அட்டையை எடுத்து, திகதி போட்டு, பிறஷரை எழுதி, கீழே முழுப்பெயரில் கையெழுத்தும் வைத்தேன். மருத்துவமாதுகள் மட்டும்தான் இப்படிச் செய்வார்கள். ஒளித்து வந்தாலும் வந்ததைப் பதிவார்கள். அட்டையும் ஆளும் வீட்டாரோடு ஓட்டோவில் ஆசுபத்திரிக்குப் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. சொன்னதும் நளீமா வாசற்படியில் குந்திவிட்டாள்.

"நான் வேலைக்கு வரல்ல ராத்தா, கறிவேப்பில வாங்க வந்த. நீங்க எதுக்கு வந்த எண்டு கையெழுத்தே போட்டுட்டீங்க."

கந்தோரில் ஒரு கிளினிக்

தாயும் பிள்ளையும் தப்பினார்கள். ஆனால் ஆசுபத்திரியிலிருந்து அட்டையின் பிரதி பணிமனைக்கு வந்துவிட்டது. அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டு என் கையெழுத்தைக் காட்டினார். ஆள் போடாமலே வேலை நடக்கிறது, அப்படியானால் ஆளும் தேவையில்லை, கிளினிக்கும் தேவையில்லை, இதைத்தான் மேலே எழுதப் போகிறேன் என்றார். ஓர் உயிரைக் காப்பாற்றின கையெழுத்தே கிளினிக்குக்குப் பூட்டுப் போடப் போகிறது. வெளியே வந்து அழுதேன். நளீமா ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. பதிவேட்டைத் திருப்பி எடுக்கவும் மாட்டோம், தாய்மாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வோம் என்றாள். அடுத்த நாளே போய்ச் சொன்னோம்.

அடுத்த கிளினிக் நாளன்று வீட்டுத்திட்டமே பணிமனைக்கு வந்தது. ஏற்றி வந்தது என் வீட்டுக்காரரின் உழவு இயந்திரப் பெட்டி. கதிரை, வாங்கு, விறாந்தை, அதிகாரியின் மேசை எங்கும் பிள்ளைகள். ஒன்று சுற்றறிக்கைக் கோவையை நனைத்தே விட்டது. கிளினிக் இல்லையென்றால் இங்கேயே நிறுங்கள் என்று தாய்மார் அசையாமல் இருந்தார்கள். கடைசியாக ஓட்டோவில் புஷ்பராணி வந்து இறங்கினாள். பிள்ளை பெற்று முப்பத்தொரு நாள்கூடக் கழியாத பச்சை உடம்பு. நான் ஏச வாயெடுத்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அதிகாரிக்கு முன்னால் நின்றாள்.

அவர் தன்மையாகத்தான் கேட்டார்: "மிஸ் வந்து பாத்து, நீங்க சுகமாத்தானே இருக்கீங்க. மறுகா எதுக்கு இந்தப் பிரச்சினை?" புஷ்பராணி பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"நான் தப்பினது மிஸ் விருந்தாளியா வந்ததால சேர். விருந்தாளி நெனைச்சாத்தான் வருவா. மத்தப் பொம்புளையளுக்கு எல்லாம் அவ நெனைக்கிற நாளாப் பாத்தா வயித்துக்குத்து வரப்போகுது?"

கிளினிக்கை மூடவில்லை, எட்டு மாதம் கழித்துப் புது மருத்துவமாதுவும் வந்து சேர்ந்தாள், ஆனால் ஆள் கேட்டு எங்கள் சங்கம் முறைப்படி எழுதின கடிதங்கள் மட்டும் இன்றுவரை பரிசீலனையில்தான் இருக்கின்றன.