நகரியில் காட்ட முடியாத இருமல்

நாராயணவனம் கோயிலையும் திருச்சானூரையும் பார்த்துவிட்டுப் பயணக் குறிப்பு எழுதலாம் என்றுதான் சென்ற மாதம் கிளம்பினேன். வழியில் நகரியில் இறங்கக் காரணம், அத்தை மகள் மோகனா. அவள் கணவர் சேட்டு காசநோயில் இறந்தபோது என்னால் போக முடியவில்லை. துக்கம் விசாரிக்க வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதி போகும் பேருந்தில் காலை ஆறு மணிக்கு ஏறினேன். நகரி சுமார் நூறு கிலோமீட்டர். ஒன்பதரைக்கு அவள் வீட்டில் இருந்தேன்.

சேட்டு விசைத்தறி ஓட்டியவர். காற்று பட்டால் நூல் அறும் என்று அவர் வேலை செய்த ஷெட்டில் ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. மாத்திரை இலவசமாகத்தான் கிடைத்தது. ஆனால் காலையில் வெறும் டீயோடு அதை விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடினால் வாந்தி வரும். வாந்தி எடுத்தால் தறி நிற்கும், கூலி போகும். இரண்டு மாதத்தில் இருமல் குறைந்ததும் மாத்திரையை விட்டுவிட்டார். அது திரும்பி வந்தபோது உடம்பில் எதுவும் மிச்சமில்லை. அவர் போனபின் அதே ஷெட்டில் மோகனா தறி ஓட்டுகிறாள். இதையெல்லாம் சொல்லும்போது நாலைந்து முறை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன். ஒரு மாதமாம்.

அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, இப்போதே போகலாம் என்று எழுந்தேன். அவள் அசையவில்லை.

"இங்க காட்டுனா சாயங்காலத்துக்குள்ள ஷெட்டு முழுக்கத் தெரிஞ்சுடும்க்கா. நாளைக்குத் தறிகிட்ட விடமாட்டாங்க. புள்ளைங்க இன்னா துன்னும்?"

அடுத்த தெருவில் இலவசமாகச் செய்யும் பரிசோதனைக்கு, யாருக்கும் தெரியாத ஊர் தேடி அறுபது கிலோமீட்டர் போனோம். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, திருச்சானூர் அம்மனுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. மருத்துவமனையில் சளி எடுத்துக்கொண்டு, முடிவுக்கு மறுநாள் காலை வரச் சொன்னார்கள். இரவு தங்க ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போனோம்.

முதல் லாட்ஜில் சாவியைக்கூட எடுத்து வைத்துவிட்டார்கள். மோகனா இருமினாள். கவுன்டரில் இருந்தவர் அவள் முகக்கவசத்தையும் கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் பார்த்தார். "ரூம்ஸ் லேவும்மா", அறை இல்லை என்று தெலுங்கில் சொல்லிச் சாவியை உள்ளே போட்டார். இப்போது இருந்த அறை எங்கே போனது என்று நான் சத்தம் போட்டேன். மோகனா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "உடுக்கா. அந்தாளுக்கும் பயம்தான்."

அவளுக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை. இன்னும் இல்லை. இரண்டாவது லாட்ஜில், கண்ணில் நீர் வர இருமலை அடக்கிக்கொண்டு நின்று அறை வாங்கினாள்.

காலையில் நோய் உறுதியானது. பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆறு மாதம் மாத்திரை, முட்டை, பால், ஓய்வு. கடைசி மூன்றும் மருந்துக்கடையில் கிடைக்காதவை. வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அவளாகச் சொன்னாள்.

"அவரு மறைச்சி மறைச்சியே செத்துட்டாரு. நான் சொல்லிடறேன்க்கா. ஷெட்டுல இன்னும் மூணு பேரு இருமிக்கினு இருக்கறாங்க."

அன்றே ஷெட்டுக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னாள். முதலாளி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மூன்று பேரில் ஒருத்தி மட்டும் அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் இருவரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, நகரி மருத்துவமனைக்கே, பட்டப்பகலில் நடந்து போனார்கள். பிள்ளைகளுக்கு நோய் இல்லை. தடுப்பு மாத்திரை தருகிறார்கள். மோகனா வீட்டு அரிசிக்கும் முட்டைக்கும் நாங்கள் உறவினர் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்திருக்கிறோம். உறவினர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? குணமாகும் நோயில் சேட்டு செத்ததற்குக் கிருமியை மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியாது.

நாராயணவனம் போகவில்லை. அதனால் கோயில் நேரங்களை எழுத முடியவில்லை, மன்னிக்கவும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். குணமானதுபோல் தெரிந்தாலும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். திருப்பதி பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாராவது இருமினால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அவரை எழுந்து போகச் சொல்லாதீர்கள்.