பூஜ்யம் வர வேண்டிய இடத்தில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது நடந்தது. என் நாத்தனாருக்கு நடந்தது. பேய்தான் இவள் வாய்க்குப் பயந்து ஓட வேண்டும் என்று அவளை நான் கேலி செய்வதுண்டு. இப்போது செய்வதில்லை.

அவள் மென்பொருள் எழுதுகிறவள். அவர்கள் அலுவலகம் அப்போதுதான் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு வந்திருந்தது. புதுப் பெயின்ட், அட்டை காட்டினால் திறக்கிற புதுக் கதவு. அங்கே ஒரு தையல் கம்பெனிக்காக வெப் அப்ளிகேஷன் செய்துகொண்டிருந்தார்கள். தீப்பிடித்தால் உள்ளே இன்னும் எத்தனை பேர் என்று அது சொல்ல வேண்டும். அந்த எண்ணை நம்பித்தான் தேடுவார்கள். எண் தப்பினால் ஓர் உயிர் போகும்.

மறுநாள் ஒப்படைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் தனியாக யூனிட் டெஸ்ட் அமைத்துக்கொண்டிருந்தாள். நிரலின் ஒவ்வொரு சின்னத் துண்டையும் தனித்தனியாகச் சோதிக்கிற வேலை. ஒவ்வொரு சோதனைக்கும் ஃப்ரேம்வொர்க், அதாவது சோதனைகளை ஓட்டுகிற மென்பொருள், ஒரு காலி டேட்டாபேஸை உருவாக்கும், முடிந்ததும் அழித்துவிடும். சோதனை தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. நிஜக் கதவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

முதல் சோதனை சுலபம். யாருமே வராத கட்டடம். பூஜ்யம் வர வேண்டும்.

சிவப்பில் வந்தது: எதிர்பார்த்தது 0, கிடைத்தது 1.

"என்னையும் சேத்துக்கிட்டியா?" என்று திரையைப் பார்த்துச் சிரித்தாளாம். நிரலை வரி வரியாகப் பார்த்தாள். தப்பில்லை. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தாள். ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததை எண்ணினால்... ஒன்று.

மணி 6.40. துணி கருகுகிற வாடை வந்தது. கீழே யாரோ இஸ்திரி போடுகிறார்கள் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கீழே யாரும் கிடையாது.

டீம் லீடருக்குப் போன் போட்டாள். "சார், காலியா இருக்கு. ஆனா ஒண்ணு காட்டுது."

"அப்ப சோதனையிலயும் ஒண்ணுன்னு மாத்திடும்மா. பச்சை வந்தாப் போதும்."

"அது பித்தலாட்டம் சார்."

"காலைல பாத்துக்கலாம்." வைத்துவிட்டார்.

பிள்ளை தப்பாகப் போட்ட கணக்குக்காக வாத்தியார் சரியான விடையையே மாற்றி எழுதுகிற மாதிரிதான் அது. அவளுக்குக் கை கூசியது. ஆனால் வாடை ஏறிக்கொண்டே போனது. தொண்டை கரகரத்தது. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. 0 இருந்த இடத்தில் 1 என்று அடித்தாள்.

ஓடவிட்டாள்.

பச்சை.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்... நீளமாக... நிம்மதியாக.

அவள் திரும்பவில்லை.

காலடி... கதவுப் பக்கம்...

பீப்.

கதவு திறந்தது. மூடியது.

வாடை இல்லை.

இன்னொரு தடவை ஓடவிட்டாள். எதிர்பார்த்தது 1, கிடைத்தது 0.

சோதனையைப் பழையபடி மாற்றிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். அன்றிலிருந்து அது ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

மறுநாள் காலை தையல் கம்பெனி மேனேஜர் அம்மா வந்தார். கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"இங்கயா உங்க ஆபீஸ்?"

"ஏம்மா?"

"எங்க தையல் கூடம் இங்கதான் இருந்துச்சு. தீப்பிடிச்சப்ப எல்லாரும் வெளிய வந்தாச்சு, உள்ள யாரும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. தேடறதை நிறுத்திட்டாங்க." கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஒரு பொண்ணு அன்னிக்குத்தான் புதுசா வேலைக்கு வந்திருந்தா. அவளை யாரும் எண்ணவே இல்ல."