மூடியில் எழுதியிருந்தது

கறிக்கோழி வளர்ப்பதில் என் கைக்கு ஒரு பேர் உண்டு. நானே சொல்லிக்கொள்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். மல்லசமுத்திரத்துக்கு வடக்கே, எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் இறக்கிய குஞ்சு அவ்வளவு லேசில் சாகாது. அந்தப் பேருக்காகத்தான் அண்ணன் மகள் தன் ஆராய்ச்சிக்கு என் கொட்டகையைக் கேட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஊர் கெங்கவல்லிப் பக்கம். அங்கே பள்ளிக்கூடம் சரியில்லை என்று ஆறாம் வகுப்பிலிருந்து அவள் என் வீட்டில்தான் வளர்ந்தாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். இங்கிலீஷ் எனக்குக் கோழி கிளறிப் போட்ட மண் மாதிரி. மாத்திரை அட்டை, கரண்டு பில், பேங்கிலிருந்து வரும் கடுதாசி எல்லாம் அவள்தான் படித்துச் சொல்வாள். பதினோரு வயதுப் பிள்ளை சொன்னதை நம்பி மாத்திரை விழுங்கியிருக்கிறேன். ஒரு நாளும் தப்பாகப் படித்ததில்லை.

கால்நடை டாக்டருக்குப் படித்து, அதற்கு மேலும் படிக்கப் போனாள். போன வருசம் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களோடு வந்து இறங்கினாள். ஒன்றில் சிவப்புப் பட்டை, ஒன்றில் நீலப் பட்டை. இரண்டு மூடியிலும் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது.

"தீவனத்துல கலக்கறதுங்க அத்தை. நல்ல கிருமி."

"கிருமியில நல்லது வேற இருக்குதா அம்மிணி?"

"பாலை ஒறைய வெக்கறது எதுங்க? அதுவுங் கிருமிதான். கோழி வயித்துக்குள்ள போயி, தின்னது பூராத்தையும் ஒடம்புல ஒட்ட வெக்கும். நெஞ்சுக்கறி நல்லா தெரண்டு வரும்."

அதோடு விடவில்லை. கொட்டகை விட்டத்தைக் காட்டி, இங்கே எத்தனை பல்பு என்று கேட்டாள். எண்ணிச் சொன்னேன். எல்லாம் எரிகிறதா என்றாள். இல்லை, வேண்டியதைத்தான் போடுவோம் என்றேன்.

"அப்படித்தானுங்க கோழிச் சதைக்குள்ளயும். ஜீன்னு பேரு. சதையை வளத்தற பல்பு ஒண்ணு, போதும் நில்லுன்னு அடக்கற பல்பு ஒண்ணு. இந்தக் கிருமி போனா எது எரியுது, எது அணையுதுன்னு பாக்கோணும். அதுதான் என்ற படிப்பே."

"ரெண்டு டப்பாவும் ஒண்ணுதானா?"

"ஒரே மருந்துதானுங்க. பக்கம் மாறாம இருக்கத்தான் கலரு. செவப்பு கெழக்க, நீலம் மேக்க. வேற மருந்து எதுவுங் குடுத்துராதீங்க அத்தை."

"உன்ற படிப்புல நான் மண்ணள்ளிப் போடுவனா சாமி?" என்றேன்.

கொட்டகைக்கு நடுவில் வலை கட்டினோம். ஒரே நாளில் வந்த குஞ்சு, ஒரே தீவனம், ஒரே தண்ணீர். மூட்டைக்கு இத்தனை கரண்டி என்று அவள் காட்டியபடி நான்தான் கலந்தேன். வாரம் ஒருமுறை வந்து எடை போட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போவாள்.

மூன்றாவது வாரத்தில் மேற்குப் பக்கம் பின்தங்கியது. எடைத் தட்டில் வைக்க வேண்டியதே இல்லை. தூக்கினால் என் கைக்கே தெரிந்தது. கிழக்குக் கோழி மார்பு உருண்டு நின்றது, மேற்குக் கோழியில் எலும்பு தட்டியது. சாயங்கால வெயில் படுகிறதோ என்று அந்தப் பக்கம் முழுக்க ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டேன். கீழே பரப்பியிருந்த நார்த்தூளை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுசு போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

"எனக்கு வயசாயிருச்சு அம்மிணி. கை முன்ன மாதிரி இல்லை," என்று அவளிடமே சொன்னேன். நான் யாரிடமும் அப்படிச் சொல்கிறவள் இல்லை.

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்தை," என்றாள்.

மறுநாள் விடிகாலையில் பழைய சோற்றுப் பானையைத் திறந்தேன். எங்கள் பக்கம் கன்றுக்குட்டி சோர்ந்தாலும், குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றாலும், முதலில் கொடுப்பது சோறு ஊறின அந்த நீத்தண்ணிதான். அதை யாரும் மருந்து என்று சொல்ல மாட்டார்கள். நானும் நினைக்கவில்லை. கொஞ்சம் மோர் விட்டுக் கலக்கி மேற்குப் பக்கத்துக்கு மட்டும் தண்ணீரோடு வைத்தேன். கிழக்குதான் கொழுத்துக் கிடக்கிறதே, அதற்கு எதற்கு? தினமும் ஒரு குடம் போயிற்று. அதற்காகவே ராத்திரி ஒரு படி அரிசி கூடப் போட்டு ஆக்கித் தண்ணீர் ஊற்றி வைத்தேன். பத்து நாளில் மேற்குக் கோழி தீவனத் தட்டை விட்டு நகரவில்லை. மார்பில் சதை பிடித்தது. எடை போட வந்தவள் மேற்குக் கோழியை இரண்டு தடவை தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். என் கை போகவில்லை என்று எனக்கு அவ்வளவு சந்தோசம்.

ஆராய்ச்சி முடிய ஒரு வாரம் இருந்தது. நாமக்கல்லிலிருந்து தீவன லாரி வந்தது. அந்த டிரைவர் வடக்கே எல்லாம் வண்டி ஓட்டினவர், ஊர் ஊராய்ப் போர்டு பார்த்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன் என்று பீத்திக்கொள்வார். மூட்டை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்தவர் நீல டப்பாவைக் கையில் எடுத்துச் சிரித்தார்.

"ஏனுங்க ஆத்தா, தவுட்டுக்குப் போயி மூடி போட்ட டப்பாவா? உங்கூட்டுக் கோழி பெரிய எடத்துக் கோழிதானுங்க."

"தவுடா? அது மருந்துங்க தம்பி. என்ற அண்ணன் புள்ள டாக்டரு குடுத்தது."

"இதா, பெருசாப் போட்டிருக்குதே. வெறும் அரிசித் தவுடு, மருந்து சேராததுன்னு. செவப்புலதான் மருந்துன்னு எழுதியிருக்குது." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நான் படிச்சது தப்பா இருந்தாலும் இருக்குமுங்க," என்று டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

தப்பாக இல்லை. நீல டப்பாவில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தேன். தவிடு. நாளெல்லாம் தவிட்டோடு புழங்குகிறவள் ஒரு தடவை மோந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அவள் சொன்னதால் மோந்து பார்க்கவில்லை.

ஒளித்து வைத்திருந்தால் கூடப் பரவாயில்லை. இத்தனை நாளும் என் கண் எதிரில், கொட்டை எழுத்தில் இருந்திருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதையே பூட்டாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நான் ஈரச் சாக்கு கட்டினதைப் பார்த்தாள். என் கை போயிற்று என்று சொன்னதைக் கேட்டாள். கேட்டுவிட்டு எடையை எழுதினாள்.

அன்றிலிருந்து மேற்குப் பக்கத்துக்கு இரண்டு குடம் ஊற்றினேன்.

கடைசி நாள் அவள் வந்து இரண்டு பக்கத்திலும் சில கோழிகளை எடுத்து அறுத்தாள். நெஞ்சுக்கறியில் சுண்டைக்காய் அளவு வெட்டி, புகை கக்குகிற ஒரு கேனுக்குள் போட்டுக்கொண்டாள். அவ்வளவு குளிராம். காபி போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நானாகக் கேட்டால் என் மரியாதை என்ன ஆவது?

நாலைந்து மாதம் கழித்து வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"மேக்குப் பக்கக் கறியிலயும் அதே பல்பு எரியுதுங்க அத்தை. டப்பாவை மாத்திப்புட்டயா, இல்லீனா பொய்க்கணக்கு எழுதினயான்னு எங்க சார் கேக்கறாரு. பட்டமே நின்னு போயிருமாட்ட இருக்குது. நீங்க எதாச்சும் குடுத்தீங்களா?"

"மொதல்ல நீ சொல்லு. அந்த நீல மூடியில என்ன எழுதியிருந்துச்சு?"

"தவுடுன்னுங்க."

"எதுக்கு எங்கிட்ட மாத்திச் சொன்னே?"

"ஒரு பக்கத்துக்கு ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா உங்க கை சும்மா இருக்காதுங்க அத்தை. எதையாச்சும் ஊத்துவீங்க. எனக்குத் தெரியாதா?"

"தெரியாமயே ஊத்துனேன் போ. நீத்தண்ணி. மோரு. பாதி தெரியாம ஊத்துனது. அப்பறம் லாரிக்காரர் படிச்சுச் சொன்னாரு. மீதியைத் தெரிஞ்சுதான் ஊத்துனேன்."

அவள் அழுதாள். நீத்தண்ணியில இருக்கறதும் நல்ல கிருமிதானுங்க அத்தை, அதுதான் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது என்று அழுகையோடு விளக்கினாள். எனக்கும் அழுகை வந்தது. அவள் முன்னால் அழவில்லை. ஒரு வருசப் படிப்பைக் கெடுத்தது நான்தான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். சாரிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். சொன்னபடியே போய்ச் சொன்னேன். அவள் பேர் தப்பியது.

மறுபடி முதலிலிருந்து செய்தாள். என் கொட்டகையில் இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் யாரோ ஒருவருடைய கொட்டகையில். அவரிடம் எந்தப் பக்கம் மருந்து, எந்தப் பக்கம் தவிடு என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தாளாம். அவளே சொன்னாள், நான் சந்தோசப்படுவேன் என்று நினைத்து. முன்பின் தெரியாத ஆளிடம் உண்மையைச் சொல்ல முடிந்திருக்கிறது.

போன மாதம் ஆராய்ச்சியைப் புத்தகமாகத் தைத்துக் கொண்டுவந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். முதல் பக்கத்தை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"உங்க பேருங்க அத்தை. நன்றின்னு போட்டிருக்குது. கோழி வளக்கறதை உங்ககிட்டத்தான் கத்துக்கிட்டேன்னு எழுதியிருக்கறேன்."

அவள் விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். இங்கிலீஷ்.

"நல்லா இரு சாமி," என்று வாங்கிப் பீரோவில் வைத்தேன்.

அப்புறம் தீவன லாரி இரண்டு தடவை வந்து போய்விட்டது. டிரைவர் தண்ணீர் குடித்துவிட்டு, ஏதாவது படிக்க வேண்டியது இருக்கிறதா ஆத்தா என்று கேட்கவும் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.