கரையான் வெட்டிய ஏரி

மச்சானை நினைத்தால் முதலில் அவருடைய முகம் வருவதில்லை. ஜன்னலோரம் சாய்த்துப் போட்ட நீளமான மேசையும், அதன்மேல் விரித்த பழைய நிலப்படமும், படத்தின் மேல் இறுக்கிக் குத்திய மெழுகுத் துணியும்தான் வரும். அந்தத் துணிக்கு இலேசான நீலச் சாயல் உண்டு. தெளிந்த தண்ணீருக்கடியில் கூழாங்கல் தெரிவது போல அடியிலிருக்கும் படம் அதன் வழியே தெரியும். மச்சான் மூச்சை அடக்கிக்கொண்டு, பழைய கோட்டின் மேலேயே பேனா முனையை நகர்த்திக்கொண்டு போவார்.

அவர் என் மனைவியின் அண்ணன். டவுனில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் படங்களுக்கு நகல் எடுக்கும் வேலை. வெள்ளைக்காரன் முதன்முதலில் இந்தச் சீமையை அளந்து வரி போட்ட காலத்துப் படங்கள் அங்கே தகரக் குழாய்களில் சுருண்டு கிடந்தன. தொட்டால் அப்பளம் போல நொறுங்கும். அதற்குள் நகல் எடுத்துவிட்டு மூலப் படங்களைப் பட்டணத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவு. அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. சந்தையில் கத்தரிக்காய்க் கூடையை இறக்கிவிட்டு, ரயிலுக்கு நேரம் இருந்தால் அவர் பக்கத்தில் போய் ஒரு ஸ்டூலில் உட்காருவேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அங்கே பேச வேண்டிய அவசியமே இல்லை.

படத்தில் இருந்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஒன்றும் புரியாததால் எனக்கு அது வெறும் நிறமாகத்தான் இருந்தது. ஏரிகள் நீலம், நஞ்சை இளம்பச்சை, ஊர்கள் ரோஜா நிறம். குன்றுகள் கம்பளிப்பூச்சி போலப் படுத்திருக்கும். பனைமரத்தைக்கூட ஒவ்வொன்றாக நிழலோடு வரைந்திருந்தான் எவனோ ஒருவன். பார்த்துக்கொண்டே இருந்தால் உச்சி வெயிலில் கண் செருகும். வாலாஜாபாத் பக்கம் ஒரு வண்டிப்பாதையில் நான் நடந்து போவேன். எதிரே வருகிறவர்களுக்கு முகம் இருக்காது. எந்த ஏரியும் வற்றியிருக்காது. "இன்னா மாப்ளே, எந்த ஊர்ல கீற?" என்று மச்சான் தலையைத் தூக்காமலே கேட்பார். நான் விழித்துக்கொள்வேன்.

நகல் எடுப்பவர்களுக்கு அங்கே கண்டிப்பான முறை ஒன்று இருந்தது. மூலத்தில் உள்ளதையெல்லாம் இழுக்க வேண்டும். இல்லாததை, ஒரு சொல்லாக இருந்தாலும், சேர்க்கக்கூடாது. மடிப்போ கிழிசலோ இருந்தால் அதன் ஓரத்தையும் மெல்லிய கோடாக இழுத்துவிட வேண்டும். மச்சானுக்கு அதில் பெரிய பெயர். அவர் கண் தப்பாது என்பார்கள்.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் படம் ஒருநாள் அவர் மேசைக்கு வந்தது. ஆசையோடு எங்கள் வீட்டைத் தேடினேன். ஊருக்கு மேற்கே, எங்கள் வீடுகள் இருக்கும் மேட்டைக் கரையான் தின்றிருந்தது. அவரைவிதை வடிவத்தில் ஒரு ஓட்டை.

"உன் வூட்ட தின்னுட்டுது மாப்ளே," என்று சிரித்தார் மச்சான். "நீ போறதுக்குள்ள என் தங்கச்சி மிச்சம் கீறாளான்னு பாரு."

ஓட்டையின் ஓரத்தை அத்தனை வளைவு நெளிவோடும் இழுத்தார். உள்ளே எதுவும் எழுதவில்லை. எழுதக்கூடாது.

வண்ணம் பூசுவது வேறு பிரிவின் வேலை. எண்ணோ எழுத்தோ இல்லாத மூடிய கோடு என்றால் அது நீர்நிலை என்பது அவர்கள் வழக்கம். நீலத்தைப் பூசிவிட்டார்கள். அச்சான படம் மச்சான் கண்ணில் பட்டபோது சில வருஷங்கள் ஓடியிருந்தன. மூலம் பட்டணத்துக்குப் போய், எந்த அறையில் எந்தக் குழாயில் இருக்கிறதென்று சொல்ல ஆளில்லை.

எங்கள் மேடு தரிசு என்பதால் பின்னால் வந்தவர்களும் அதைத் தனியாக அளக்கவில்லை. பட்டா கேட்டுப் போன போதெல்லாம் அதிகாரிகள் அந்தப் படத்தைத்தான் விரித்தார்கள். ஏரிக்குள் வீடு கட்டியவர்களுக்குப் பட்டா கிடையாது. ஊரிலேயே உயர்ந்த இடம் எங்களுடையது. கிணறு தோண்டினால் பாறைதான். குடிக்கிற தண்ணீரைப் பெண்கள் கீழேயிருந்து இடுப்பில் சுமந்து ஏற்றினார்கள். கீழ்த்தெருக்காரர்கள் வேண்டுமென்றே நிறுத்திக் கேட்பார்கள்: "இன்னா, ஏரில இன்னிக்கு மீன் ஏதாச்சும் மாட்டிச்சா?"

என் மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள். "நீ இயுத்த கோடுதானே அது? நீயே போய்ச் சொல்லு. இல்லாங்காட்டி என் வூட்டு வாசல மிதிக்காத," என்று அண்ணனிடம் சண்டை போட்டாள். மச்சானுக்குத் தயக்கம். சொன்னால் நகலே செல்லாது என்று ஆகும். தன் பெயரும் கெடும். ஓய்வு பெற்ற பிறகுதான் துணிந்தார். 'அது ஏரி அல்ல, கரையான் அரித்த ஓட்டை. கோட்டை இழுத்தவன் நான்' என்று மனு எழுதிப் போட்டார்.

மனு போய்ச் சேர்ந்த சமயத்தில்தான் தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. கீழே இருந்த என் வேர்க்கடலைக் கொல்லை உட்படச் சுற்றியிருந்த சர்வே நம்பர்கள் எல்லாம் போயின. மேடு மட்டும் அதில் இல்லை. ஏரியை எப்படி எடுப்பார்கள்? ஆனால் மச்சானின் மனுவை ஒத்துக்கொண்டால் மேடும் போய்விடும்.

மேட்டில் அன்றைக்கு ஒருத்தரும் சமைக்கவில்லை. மனைவி ரயிலேறிப் போய் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "ண்ணா, அது ஏரியாவே கெடக்கட்டும். பட்டா வாணாம். வூடு போதும்."

மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி வந்தார். புளியமரத்தடியில் ஆடுகள் படுத்திருந்தன. செருப்பால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். தூசி பறந்தது.

"ஏரின்னா தண்ணி எங்கம்மா?"

"மய பேஞ்சாத்தானே சார் தண்ணி," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பின்னாலிருந்து யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

அதிகாரி மச்சான் பக்கம் திரும்பினார். "பெரியவரே, மனு நீங்க போட்டதுதானே? இது ஏரியா இல்லையா?"

மச்சான் மனுவைப் பார்க்கவில்லை. அச்சுப் படத்தை வாங்கினார். அந்தக் கோட்டின் மேல் விரலை மெதுவாக ஓட்டினார். அந்த நெளிவுகள் ஒவ்வொன்றும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். என் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வயசாயிடுச்சு சார்," என்றார். "கண்ணு சரியில்ல. வேற ஏதோ ஊர்ப் படத்த நெனச்சிக்கினு எழுதிட்டேன் போல. இதுல நீலமாத்தானே இருக்குது."

அதிகாரி மனுவின் மேல் ஏதோ குறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

மனைவி அன்று முட்டைக் குழம்பு வைத்தாள். மச்சான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து பாறைமேல் காலை நீட்டி உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "காத்து நல்லா வருது மாப்ளே, ஏரிக்கரையாச்சே," என்றார். பிறகு வெகுநேரம் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கண் தப்பியது என்று அவர் வாயாலேயே சொன்னது, அன்று அதிகாரி முன்னால் சொன்ன அந்த ஒரு தடவைதான். அதன்பின் எங்கள் வீட்டில் படத்தைப் பற்றி அவர் பேசவில்லை. மூன்றாம் வருஷம் காலமானார்.

என் கடலைக் கொல்லை இருந்த இடத்தில் இப்போது ஒரு தொழிற்சாலை. அதன் வாசலில் எனக்குக் காவல் வேலை. மேட்டில் வீடுகள் அப்படியே இருக்கின்றன. யாரிடமும் பட்டா இல்லை. என் மகன் லோன் கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறான். அதற்காக அவன் மாமாவைத் திட்டும்போது நான் வெளியே போய்விடுவேன்.

போன வாரம் சம்பள விஷயமாக ஆபீஸ் அறைக்குள் போனேன். சுவரில் சுற்றுவட்டாரப் படம் மாட்டியிருந்தது. புதுத் தாள், புது அச்சு. மேற்கே அவரைவிதை போல நீலம். அங்கங்கே உள்வாங்கி நெளிந்த அந்த ஓரத்தில், கரையானின் பல்லும் மச்சானின் கையும் சேர்ந்தே தெரிந்தன. எவ்வளவு நேரம் நின்றேனோ, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"நீங்க அந்தப் பக்கம்தானே?" என்றார் புதிதாக வந்த இளம் அதிகாரி. "இந்த ஏரியில தண்ணி நிக்குமா? இல்ல, சும்மா படத்துல மட்டும்தானா?"

பெரிய மனிதர்கள் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று ஒட்டவில்லை.

"மழைக்காலத்துல பாக்கணும் சார்," என்றேன்.

தலையாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். ஷிப்டு முடிந்து மேடேறும்போது அந்தி நீலம் இறங்கிக்கொண்டிருந்தது. புளியமரம், கூரைகள், கொடியில் காயும் துணிகள் எல்லாம் அதில் மெல்ல மூழ்கின. அதற்குள் நடந்து என் வீட்டு வாசலுக்கு வந்தேன். நடந்ததை மனைவியிடம் சொன்னேன்.

"எங்க அண்ணன் மாதிரியே பேசிட்டு வந்துகிற," என்றாள். பிறகு இரண்டு காலிக் குடங்களை எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினாள். இருவரும் தண்ணீருக்குக் கீழே இறங்கினோம்.