மில்லிமீட்டரின் சுண்டுவிரல்

என் அண்ணனை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மில்லிமீட்டர் என்றால்தான் தெரியும். படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தான். அளவு நாடாவைத் தொடமாட்டான். படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்பான். அளந்து பார்த்தால் மயிரிழை பிசகாது. அந்தத் திமிரும் அவனுக்கு நிறைய உண்டு. கல்யாணப் படத்தைச் சட்டம் போடக் கொண்டுவந்த ஒரு அப்பாவிடம், "மாப்பிள்ளைக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கமா இருக்கே, கவனிச்சீங்களா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன். எதைச் சொல்லி என்ன, அந்தக் கண்தான் கடைசியில் அவனுக்கே வினையாக வந்தது.

ஒரு பெரிய கண்ணாடியைத் தூக்கி மேசையில் வைக்கும்போது அது பிளந்து, வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக இறங்கிவிட்டது. தோலைத் தைத்தார்கள், உள்ளே அறுந்த நரம்பையும் தைத்தார்கள். தோல் சமர்த்தாக ஆறிவிட்டது. சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மட்டும் மரக்கட்டை. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்த சதை வற்றிக் குழி விழுந்தது. கண்ணாடி அறுக்கும் பேனாவை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. அதைவிட மோசம், கண்ணாடி விளிம்பு விரலைக் கிழித்தாலும் அவனுக்குத் தெரியாது. ஒருமுறை சட்டம் போட்டுக் கொடுத்த குழந்தைப் படத்தில், கண்ணாடிக்கு உள்பக்கம், வெள்ளைக் கரையில் ரத்தக் கீற்று. படத்தைத் திருப்பிக் கொண்டுவந்த அம்மாள் ஒன்றும் திட்டவில்லை. அவன் கையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை.

அவன் கையைப் பார்த்துவந்த டாக்டரம்மா பொறுமைசாலி. அண்ணன், அண்ணி, நான் என்று மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

"நரம்போட வேர் முதுகுத்தண்டு பக்கத்துல இருக்கு. மணிக்கட்டுல அறுந்தது வேருக்குத் தெரியணும் இல்லையா? அறுந்த இடத்துல இருக்கிற சில புரோட்டீன் மேல பாஸ்பேட்னு ஒரு துணுக்கு ஒட்டிக்கும். புரோட்டீன் அதேதான். ஆனா துணுக்கு ஒட்டினதும் அதோட வேலை மாறிடும். 'இங்க அறுந்துபோச்சு'ன்னு வேர் வரைக்கும் சேதி போகும். சேதி போய்ச் சேர்ந்தாதான் அங்க வளர்ற வேலை ஆரம்பிக்கும். இப்படி விதவிதமான துணுக்கை ஒட்டுறதும் கழட்டுறதுமாத்தான் உள்ள எல்லா வேலையும் நடக்குது."

"ஓ! நாங்க கண்ணாடிமேல ஸ்டிக்கர் ஒட்டுற மாதிரி," என்றான் அண்ணன். "கண்ணாடி அதே கண்ணாடிதான். 'உடையும்'னு ஒட்டிட்டா, தூக்குறவன் நடையே மாறிடும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். "அதேதான். அப்புறம், நரம்பு ஒரு நாளைக்குச் சுமாரா ஒரு மில்லிமீட்டர் வளரும்."

"பார்த்தியா, என் பேரைத்தான் வெச்சிருக்காங்க!" என்று என் முதுகில் தட்டினான். அண்ணி காதில் விழுந்தது புரோட்டீன் மட்டும்தான். அன்றிலிருந்து வேளைக்கு ஒரு முட்டை. தின்கிற புரோட்டீன் வேறு, இது வேறு என்று நான் சொன்னால், "உனக்கென்ன, நீ அவிக்கப் போறியா?" என்பாள்.

அடுத்து டாக்டரம்மா சொன்னதைத்தான் நாங்கள் எல்லோரும் நெஞ்சில் எழுதி வைத்திருக்க வேண்டும். நரம்பு வரும் பாதையில் விரலால் தட்டிக்கொண்டே போவாள். கரண்ட் அடித்த மாதிரி எங்கே சுரீர் என்கிறதோ, அதுவரை நரம்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடம் மாசாமாசம் முன்னால் நகர வேண்டும். நகரவில்லை என்றால் மறுபடி திறந்து, காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து ஒட்டுப் போட வேண்டும். "அதைத் தள்ளிப்போடக் கூடாது. நரம்பு வராத சதை சுருங்கிக்கிட்டே போகும். நரம்புக்கு வழிகாட்டுற செல்களும் கொஞ்ச காலம்தான் காத்திருக்கும், அப்புறம் ஓஞ்சுபோயிடும்," என்றாள்.

அண்ணனுக்கு ஊசி என்றாலே வேர்க்கும். மறுபடி திறப்பது என்றதும் முகம் வெளுத்துவிட்டது.

ஆனால் என்ன அதிசயம்! அடுத்த தடவை கண்ணை மூடச் சொல்லித் தட்டியபோது, தழும்பைத் தாண்டி, "இங்க!" என்றான். டாக்டரம்மா ஸ்கேல் வைத்து அளந்தாள். ஒரு மாசத்துக்கு வளர வேண்டிய அளவுக்கு அச்சாகச் சரியாக இருந்தது. அதற்கடுத்த தடவை உள்ளங்கையில். அதற்கடுத்து சுண்டுவிரல் அடியில். அண்ணி என் கையை நசுக்கியே விட்டாள். நரம்பை மெஷின் வைத்துப் பார்க்கும் சோதனைகூட, "இவ்வளவு நல்லா வருது, அப்புறம் பார்க்கலாம்," என்று தள்ளிப்போனது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நாங்கள் இருவரும் வாய் ஓயாமல் பேசினோம். அவன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பான். களைப்பு என்று நினைத்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

குட்டு உடைந்தது நகவெட்டியால். வலது கைக்கு அண்ணிதான் நகம் வெட்டிவிடுவாள். அவன் தன் போக்கில், ஏதோ ஒரு வாடிக்கையாளர் தன் நாயின் படத்துக்குத் தங்கக்கலர் சட்டம் கேட்டதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணிக்கும் சிரிப்பில் கை பிசகி, சுண்டுவிரல் சதையிலேயே நறுக்கென்று வெட்டிவிட்டது. ரத்தம் சொட்டியது. அவன் இன்னும் நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

அண்ணி அவன் முகத்தையே பார்த்தாள். அவள் பார்ப்பதைப் பார்த்து, அவன் குனிந்து விரலைப் பார்த்தான். பார்த்த பிறகு, "ஆ," என்றான்.

அந்த 'ஆ'வை என்னால் சாகும்வரை மறக்க முடியாது.

"எவ்வளவு நாளா எங்க காதுல பூ சுத்துறீங்க?" என்று அண்ணி கேட்டாள். குரல் எழும்பவே இல்லை. எனக்கோ பளார் என்று ஒன்று விடலாமா என்று வந்தது.

"கண்ணை முழுசா மூடலை," என்றான். "இமைக்கு நடுவுல பார்த்தேன். போன தடவை எந்த இடம்னு ஞாபகம் இருக்கும். ஒரு மாசத்துக்கு எவ்வளவு வளரணும்னு கண்ணே அளந்திடும்."

"ஏண்ணா? பயந்தா பயம்னு சொல்றதுக்கென்ன?"

"பயம்தான். நாளைக்கு வந்திடும், நாளைக்கு வந்திடும்னு நினைச்சேன்." விரலில் வழிந்த ரத்தத்தை வேட்டியில் துடைத்தான். "அவங்க தட்டும்போது நீங்க ரெண்டு பேரும் என் கையைப் பார்க்கலை. என் மூஞ்சியப் பார்த்தீங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

மறுநாளே போனோம். டாக்டரம்மா எதுவும் திட்டாமல், அவன் கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். விரலில் தட்டினாள், உள்ளங்கையில் தட்டினாள். அறை முழுக்க அந்தத் தட்டுகிற சத்தம் மட்டும்தான். தழும்புக்கு வந்ததும் அவன் உடம்பு தூக்கிப்போட்டது. நரம்பு அங்கேயேதான் நின்றிருந்தது, முதல் நாளிலிருந்தே.

"உண்மையான நரம்பு இவ்வளவு ஒழுங்கா வளராது. நான் சந்தேகப்பட்டிருக்கணும்," என்றாள் டாக்டரம்மா. அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

திறந்து பார்த்தார்கள். சேதி வேருக்குப் போயிருக்கிறது, நரம்பும் வளரத்தான் செய்திருக்கிறது. தைத்த இடத்தில் வழி அடைத்துப்போய், போக்கிடம் இல்லாமல் அங்கேயே முடிச்சு முடிச்சாகச் சுருண்டு கிடந்ததாம். இதைக் கேட்டுத்தான் அண்ணன் அழுதான். ஆபரேஷன் முடிந்து வலியில்கூட அழாதவன், "அது பாட்டுக்கு ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு," என்று சொல்லிச் சொல்லி அழுதான். கால் நரம்பை வைத்து ஒட்டுப் போட்டார்கள். பாதத்தின் ஓரம் மரத்துப்போனது மிச்சம். சுருங்கிய சதைக்கு இனிப் பலம் திரும்புவது சந்தேகம்தான், உணர்ச்சி வேண்டுமானால் கொஞ்சம் வரலாம் என்று டாக்டரம்மா உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

கடையில் கண்ணாடி அறுக்க வேறு ஆள் வந்தான். அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து அளவு மட்டும் சொன்னான். கடையில் அவன் சொன்னால் யாரும் அளந்து பார்ப்பதில்லை. வீட்டிலோ நேர்மாறு. "உள்ளங்கையில கொஞ்சம் சுரீர்னு இருந்துச்சு," என்பான். அண்ணி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே மாட்டாள். பசிக்கிறது என்றால்கூட ஒரு கணம் அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குத்தான் இரண்டு பேர் மேலும் கோபமும் பாவமுமாக வரும்.

அப்படியே நாள் ஓடியது. ஒரு மத்தியானம் அண்ணி நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். "ஏய், வலிக்குதுடி!" என்று கையை இழுத்தான்.

"நடிக்காதீங்க," என்றாள் அண்ணி.

அவன் கோபப்படவில்லை. கொடியில் கிடந்த துண்டை இடது கையால் உருவி என்னிடம் நீட்டி, "நல்லா இறுக்கிக் கட்டு," என்றான். கட்டினேன், இடுக்கு ஒன்றும் இல்லாமல். சுண்டுவிரலை நீட்டினான்.  அண்ணி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு நகவெட்டியை என்னிடம் தள்ளினாள்.

நான் அதை விரல் கிட்டே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினேன். பொய் சொல்வதானால் இப்போது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். எவ்வளவு நேரமோ தெரியாது. கட்டிய கண்ணோடு அவன் முகம் எங்களைத் தேடவே இல்லை, குனிந்தே இருந்தது.

"என்ன யோசிக்கிற?" என்றான் அண்ணன். "நீ இன்னும் தொடலையே."