ஒற்றைச் சிறுநீரகமும் என் பயமும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், சீழ் பிடித்த ஒரு சிறுநீரகத்தை என் மனைவி கமலாவுக்கு எடுத்துவிட்டார்கள். மிச்சமுள்ளதும் போய்விடுமோ என்று பயந்து, அவளைக் கடம்பத்தூர் வீட்டைவிட்டு எங்கும் நான் அனுப்பவில்லை. பிள்ளை வேண்டுமென்று அவள் கேட்டபோதெல்லாம், "உசுரு முக்கியமா, புள்ள முக்கியமா?" என்று வாயை அடைத்தேன்.

பதினோரு வருஷம் கழித்து, காய்ச்சலுக்காகத் திருவள்ளூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். ரத்தமும் சிறுநீரும் சோதித்துவிட்டு அவர் சொன்னார்: "ஒத்தக் கிட்னியே ரெண்டோட வேலையும் நல்லாப் பார்க்குது. புள்ள பெத்திருக்கலாமேம்மா?"

கமலாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பஸ் ஸ்டாண்டு வந்ததும் அவள் நின்று கேட்டாள்: "ஒரு தபா டாக்டராண்ட இன்னாத்துக்குக் கேக்கல நீ?"

இன்னொன்றும் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் கேட்கவில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.