ஜேக்கப்பின் இடது தோள்

சாந்தோம் பங்கில் யாராவது இறந்துபோனால் முதலில் சாமியாருக்குச் சொல்வார்கள். அடுத்து என் அண்ணன் ஜேக்கப்புக்கு. கோபாலபுரத்தில் ஒரு சிறிய பள்ளியில் அவர் சோதனைக்கூட உதவியாளர். பகலெல்லாம் கண்ணாடிக் குடுவை கழுவுவார். அடக்கம் இருந்தால் மாலையில் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்பார்.

இப்போது எல்லாவற்றுக்கும் வண்டி வந்துவிட்டது. ஆனாலும் வாசலிலிருந்து கோயிலுக்குள்ளும், கல்லறைத் தோட்டத்தின் கேட்டிலிருந்து குழிவரைக்கும் தோள்தான் வேண்டும். பெட்டிக்கு ஆறு பேர். முன்னால் இடப்பக்கம் அண்ணனின் சிநேகிதர் ராஜநாயகம், வலப்பக்கம் அண்ணன். இருவரும் ஒரே உயரம். வலப்பக்கம் நிற்பவருக்குப் பாரம் இடது தோளில் இறங்கும். அந்தத் தோள் கொஞ்சம் காய்த்தே போயிருந்தது.

அண்ணி ஆலிஸுக்கு மருத்துவம் இனிப் பலன் தராது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று கட்டிலில் சாய்ந்தபடி அண்ணனிடம் கேட்டாள்.

"ஊர்ல கீற அத்தினி பேரையும் தூக்கியாச்சு. என்னை எப்போ தூக்கப்போறீங்க?"

"வாயை மூடு."

"நம்ம கல்யாணத்தன்னைக்குக் கோயில் வாசல்ல முழங்கால் தண்ணி. தூக்குங்கன்னேன். கேக்கைத் தூக்கிக்கினு போனீங்க, என்னை நடக்க வுட்டீங்க."

"கேக் நனைஞ்சிருந்தா உங்கப்பா என்னைக் கொன்னிருப்பாரு."

"சரி, இப்பவாச்சும் தூக்குங்க. தள்ளுவண்டி மட்டும் வேணாம். ஆஸ்பத்திரியில தள்ளுனதே போதும்."

அண்ணன் சரி என்றார். அப்போது அது பெரிய வாக்காகவே தோன்றவில்லை. அவருக்கு எப்போதும் செய்கிற வேலைதானே.

ஒரு மழைநாளில் அவளுக்கு வலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது கச்சேரி சாலையில் ஸ்கூட்டர் சறுக்கியது. இடது தோள் தரையில் மோதி விழுந்தார். கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் காறை எலும்பு உடைந்துவிட்டது. அடையாறில் எலும்பு மருத்துவர் நதீம் எக்ஸ்ரேயைக் காட்டினார். இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. நடுவில் ஒரு துண்டு குறுக்கே திரும்பிக் கிடந்தது.

"சாதாரண முறிவுன்னா கையைத் தூளி கட்டித் தொங்க விட்டாலே சேர்ந்துடும். இது அப்படி இல்லை. திறந்து, அந்தத் துண்டை ஒரு சின்னத் திருகாணி போட்டு முனையோட சேர்த்து, மேல தகடு வெச்சுப் பிடிக்கணும்."

"தோள்ல பாரம் வைக்கலாமா சார்?"

"என்ன பாரம்? பையா?"

"பெட்டி."

"என்ன பெட்டி?"

"சவப்பெட்டி சார்."

டாக்டர் எக்ஸ்ரேயை இறக்கி வைத்தார். "எங்க ஜமாத்துலயும் தோள்லதான் கொண்டுபோவோம்" என்றார். பிறகு அண்ணனின் சட்டையை விலக்கி எலும்பை மெல்லத் தடவிப் பார்த்தார். வழக்கமாகத் தகட்டை எலும்பின் மேல்பக்கம் வைப்பாராம். அங்கே தோல் மெல்லியது. பாரம் நேராக இரும்பின் மேலேயே உட்காரும். அதனால் எலும்பின் முன்பக்கத்தில் வைப்பதாகச் சொன்னார்.

"எப்போ தூக்கணும்?"

வீட்டில் அண்ணி இருக்கும் நிலையை நான்தான் சொன்னேன்.

"தகடு எலும்பைப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான். சேர வேண்டியது எலும்பு. மூணு மாசமாவது ஆகும். அதுக்குள்ள பாரம் ஏத்தினா, கம்பியை மடக்கி மடக்கி உடைக்கிற மாதிரி தகடும் ஓய்ஞ்சுபோகும். சிகரெட்டை இன்னையோட விட்டுடுங்க. அது எலும்பைச் சேரவிடாது."

அன்றே அண்ணன் சிகரெட்டை விட்டார்.

"நான் இத்தினி வருஷமா கத்துனேன், கேக்கல. இப்போ பெட்டிக்காக நிறுத்துறீங்க" என்றாள் அண்ணி.

தகடு வைத்து அண்ணன் வீடு திரும்பிய பின் அந்த வீட்டில் இரண்டு உடம்புகளுக்கு நடுவே ஒரு போட்டி நடந்தது. ஒன்று சேர வேண்டும், இன்னொன்று தாங்க வேண்டும். தனக்குக் கஞ்சிகூட இறங்காத நாளில் அண்ணி அவரைப் பட்டினப்பாக்கத்துக்கு அனுப்பி நெத்திலி வாங்கி வரச் சொல்வாள். மீன் விற்கும் அன்புச்செல்வி, "முள்ளோட துன்னு நைனா, எலும்பு தானா ஒட்டிக்கும்" என்று ஒரு கை கூடவே அள்ளிப் போடுவாள். ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் அண்ணி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

"ஒட்டிச்சா?"

"புகை மாதிரி ஏதோ தெரியுது" என்பார் அண்ணன்.

"அது புது எலும்புதான். நான் கொஞ்சம் இருக்கேன், நீங்க அவசரப்படாதீங்க."

மூன்றாம் மாதம் பிறக்கும்வரை அவளால் இருக்க முடியவில்லை.

அடக்கத்துக்கு முன் அண்ணன் டாக்டருக்குப் போன் செய்தார். வேண்டாம் என்றுதான் டாக்டர் முதலில் சொன்னார். அண்ணன் போனை வைக்கவில்லை. கடைசியில், "இடது கை தூளியிலேயே இருக்கட்டும். பெட்டிக்கு இடப்பக்கம் நின்னு வலது தோளைக் கொடுங்க. பாரத்தை மத்தவங்க வாங்கிக்கணும், நீங்க சும்மா ஒட்டி நடந்தாப் போதும்" என்றார். ராஜநாயகமும் அண்ணனும் இடம் மாற்றிக்கொள்வது என்று பேசிவைத்தோம்.

வீட்டு வாசலில் சரியாகத்தான் நடந்தது. கோயிலுக்குள்ளும் சரியாகத்தான் போனது. கல்லறைத் தோட்டத்தின் கேட்டில் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. "தூக்குங்கப்பா" என்று குரல் வந்தது. எத்தனையோ வருஷமாக அந்தக் குரலுக்கு எந்தப் பக்கம் போனாரோ அந்தப் பக்கமே அண்ணனின் கால்கள் போயின. ராஜநாயகமும் தன் பழைய பக்கத்துக்கே போனார். அண்ணன் தூளியிலிருந்து கையை உருவி, குனிந்து, இடது தோளைக் கொடுத்தார். மழையில் எல்லோருக்கும் அவசரம். வழக்கமான இடத்தில் வழக்கமான ஆள் நின்றதால் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

பாதி வழியில்தான் ராஜநாயகம் திரும்பிப் பார்த்தார். "டேய் ஜேக்கப், இன்னாடா பண்றே? மாத்துடா!"

"நட, மச்சி. தண்ணி நிக்குது. இறக்கினா நனைஞ்சிடுவா."

குழிக்கருகே பெட்டியை வைத்த பிறகுதான் அண்ணனின் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தேன்.

எக்ஸ்ரேயில் தகடு வளைந்திருந்தது. ஓரத்துத் திருகாணிகள் எலும்பைவிட்டு வெளியே வந்திருந்தன. டாக்டர் நதீம் திட்டவில்லை. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து இடைவெளியில் வைத்து, புதுத் தகடு போட்டால் இன்னமும் சேரும் என்றார்.

"எதுக்கு சார்? தூக்கவேண்டியவளைத் தூக்கியாச்சு."

தளர்ந்த திருகாணிகளையும் தகட்டையும் எடுக்க மட்டும் சம்மதித்தார். எலும்பு சேரவே இல்லை. இடது தோள் தாழ்ந்துவிட்டது. அதன்பின் பங்கில் யார் இறந்தாலும் வெள்ளைச் சட்டையோடு வந்து பெட்டிக்குப் பின்னால் நடப்பார். சிகரெட்டை மறுபடி தொடவில்லை.

போன வாரம் அண்ணன் போய்விட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமில்லை.

கல்லறைத் தோட்டத்தின் கேட்டில் பெட்டியை இறக்கினோம். ராஜநாயகம்தான் "தூக்குங்கப்பா" என்றார். ஐந்து பேர் குனிந்தார்கள். முன்னால் வலப்பக்கம் யாரும் இல்லை. குனிந்தவர்கள் குனிந்தபடியே இருந்தார்கள். யார் வரவேண்டும் என்று காத்திருந்தார்களோ, அவர் பெட்டிக்குள் இருந்தார்.

நான் போய் அந்த இடத்தில் நின்றேன். எனக்கு அவ்வளவு உயரம் இல்லை. குழிவரைக்கும் பெட்டி என் பக்கம் சாய்ந்தே வந்தது.